மறுக்கத் தெரியாத சைனியம்

1999ஆம் வருஷம் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்: தி பான்டம் மெனஸ்' என்னும் ஜார்ஜ் லூகாஸின் படத்தில், நபூ என்ற சிறு கிரகத்தின்மீது ஒரு வர்த்தகச் சம்மேளனம் படையெடுக்கிறது. அதன் சிப்பாய்கள் மனிதரல்லர், இயந்திரங்கள். அவை சோறு வேண்டா, சம்பளம் கேளா, மரணத்துக்கு அஞ்சா. பிறரை அடக்கியாள விரும்புவோருக்கு இதனினும் உவப்பான சைனியம் ஏது?

ஆயினும் அவற்றுக்குச் சுயபுத்தி இல்லை. ஆகாயத்தில் நிற்கும் கப்பலொன்றிலிருந்து வரும் கட்டளையே அவற்றை இயக்குகிறது. அக்கப்பல் வெடித்ததும், போர்க்களம் முழுவதும் அவை ஒருங்கே செயலற்றுப் போகின்றன. கட்டளை உள்ளவரை எதையும் செய்யும். அது நின்றால் ஒன்றும் செய்யா.

மனிதச் சிப்பாய் அத்தகையவன் அல்லன். 1930 ஏப்ரலில் பெஷாவரில், நிராயுதபாணிகளான ஜனங்களைச் சுடும்படி உத்தரவு பிறந்தபோது, சந்திரசிங் கார்வாலியும் அவருடைய தோழர்களும் சுட மறுத்தார்கள். அதன் பொருட்டுக் கடுந்தண்டனையும் ஏற்றார்கள். அந்த மறுப்பே மனிதனின் பெருமை.

மனிதன் கையின்றித் தாமே சுடும் ஆயுதங்களைப் பற்றி, 2014 முதல் ஜெனீவாவில் பல தேசத்தார் கூடிப் பேசியுள்ளனர். அவர்கள் மனத்திலிருத்த வேண்டியது ஒன்றே: மறுக்கத் தெரியாத சைனியத்தை உடையவன், எந்த ஜனங்களுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.