பெயரை நீக்கினால் போதுமா?

நோயாளி மருத்துவரிடம் கூறுவது பிறர் அறிவதற்கன்று. ஆயினும், மருத்துவ ஆய்வுக்கு அக்குறிப்புகள் தேவைப்படுகின்றன. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவமனைக் குறிப்புகள் பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டன. அந்தரங்கத்திற்குக் குறைவில்லை என்று ஆளுநர் வில்லியம் வெல்டு உறுதி கூறினார். ஆனால் பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவை நீக்கப்படவில்லை.

லதான்யா ஸ்வீனி என்னும் ஆராய்ச்சி மாணவி, ஆளுநர் வாழ்ந்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை வெறும் 20 டாலருக்கு வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். ஆளுநர் பிறந்த தேதியிலேயே பிறந்தவர்கள் அப்பட்டியலில் அறுவர்; அவர்களுள் ஆண்கள் மூவர்; ஆளுநரின் அஞ்சல் குறியீட்டில் வாழ்ந்தவர் ஒருவரே! உறுதி கூறியவரின் நோய்க்குறிப்பே முதலில் வெளிப்பட்டது.

பின்னர் அந்நாட்டில் எழுந்த விதிகளுள் ஒன்று, இத்தகைய குறிப்புகளில் பிறந்த தேதிக்கு மாற்றாக ஆண்டினை மட்டும் தரச் சொல்கிறது.