வாய் திறக்காத குழந்தை மக்குக் குழந்தையா?

(நமது கலூர் நிருபர்)

“சார், மதுரைக்கு ஒண்ணரை டிக்கெட்டு என்ன ஆகும்? திரும்பி வர்றதுக்கு ஒண்ணு போதும்.”

நான் ரயில்வேயில் குமாஸ்தா என்று தெரிந்த நாளிலிருந்து, கலூரில் நம்மவர்கள் என்னை வழியில் நிறுத்தி வண்டி நேரமும் கட்டணமும் கேட்பது வழக்கம். சென்ற வாரம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே டீக்கடையில் அப்படிக் கேட்டவர் ஒரு கொத்தனார். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். போக ஒன்றரை, வர ஒன்று என்றால் அந்த அரை டிக்கெட் எங்கே நின்றுவிடுகிறது என்று கேட்டேன்.

“எம் மகதான் சார். மூணாப்பு. ஜூன் மாசம் இங்க பள்ளிக்கூடத்துல சேத்தேன். இன்னைக்கு வரைக்கும் கிளாஸ்ல வாயே தொறக்கலையாம். ‘ஒண்ணும் மிண்டுன்னில்லா’ன்னு டீச்சர் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. புள்ள மக்காப் போச்சு. அப்பத்தாகிட்ட விட்டுட்டு வந்துரலாம்னு இருக்கேன். அதுக்கும் கண்ணு சரியாத் தெரியல. இவ கூடமாட ஒத்தாசையா இருப்பா.”

எட்டு வயதுப் பெண் பாட்டிக்கு ஒத்தாசையாகப் போனால் அதன் பிறகு பள்ளிக்கூடம் ஏது? டிக்கெட் விவரத்தை நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, அன்று மாலை அவர் குடியிருக்கும் அறைக்குப் போனேன்.

கடையில் கிளி, வகுப்பில் ஊமை

நான் போனபோது குழந்தை எதிர்ப் பெட்டிக்கடையில் நின்றது. “சேட்டா, கால் கிலோ பஞ்சசார” என்று கேட்டு, பாக்கிச் சில்லறைக்குக் கடைக்காரரிடம் மலையாளத்திலேயே வழக்காடிக் கொண்டிருந்தது.

“பாத்தீங்களா சார்! இங்கே கிளி மாதிரிப் பேசுறா. கிளாசுக்குப் போனா ஊமை. எல்லாம் திமிரு” என்றார் தகப்பனார்.

குழந்தையை அருகில் உட்கார வைத்து, “47-ல் 19 போனால் எவ்வளவு?” என்று தமிழில் கேட்டேன். அது சுவரைப் பார்த்தது, விரலை மடக்கியது. தகப்பனார், “சொல்லு, சொல்லு” என்று அதட்டப் போனார். கையைக் காட்டி நிறுத்தினேன். சற்று நேரம் கழித்து, “இருபத்தெட்டு” என்றது. சரியான விடை.

“வியவகலனம் தெரியுமா?” என்று அடுத்துக் கேட்டேன். தலை குனிந்து கொண்டது. பள்ளியில் கண்ட ஊமை அதுதான்.

“வியவகலனம் என்றால் கழித்தல், அம்மா.”

“அட, கழித்தலா!” என்று சிரித்துவிட்டது.

சங்கலனம், வியவகலனம், குணனம், ஹரணம் என்பவை மலையாளக் கணக்குப் பாடத்தின் சொற்கள். நம் குழந்தைகள் ஊரில் கற்ற கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல்தான் அவை. கணக்கு வரும், கணக்கின் பெயர்தான் வரவில்லை. உயர் வகுப்பில் ‘பிரகாச சம்ஸ்லேஷணம்’ என்று வருவது நம் ஒளிச்சேர்க்கையே. இந்தச் சொற்களைப் பெட்டிக்கடையில் கற்றுக்கொள்ள முடியுமா?

டொரண்டோவில் கண்ட உண்மை

இது உசிலம்பட்டிக் குழந்தைக்கு மட்டும் உள்ள சங்கடம் அன்று. கனடாவின் டொரண்டோ நகரத்தில் பல தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பற்றிய பள்ளிக் கணக்குகளை ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வி ஆராய்ச்சியாளர் ஆராய்ந்து, 1981-ல் முடிவுகளை வெளியிட்டார். புதிய மொழியில் விளையாடவும், கடைக்குப் போகவும், சண்டை போடவும் குழந்தைகள் சுமார் 2 ஆண்டுகளில் கற்றுவிடுகின்றனர். ஆனால், பாடப்புத்தக மொழியில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சமமாக வருவதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகின்றன. பேச்சு மொழி வேறு, பாட மொழி வேறு என்பது அவர் கண்ட முடிவு.

இந்த வித்தியாசம் தெரியாததால் வரும் ஆபத்தையும் அவர் எடுத்துச் சொன்னார். தெருவில் சரளமாகப் பேசுவதைக் கேட்டுவிட்டு, ‘இதற்கு மொழி தெரியும், மூளைதான் போதாது’ என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகின்றனர். நம் கொத்தனார் சொன்ன ‘திமிரு’ம் ‘மக்கு’ம் இந்த வகைதான். குழந்தை இங்கே வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. சிக்னல் கிடைக்காமல் வெளியே நிற்கும் வண்டியை ஓடாத வண்டி என்று ரயில்வேயில் யாரும் சொல்வதில்லை.

ஒரு வினாடிக்குள் தீர்ப்பு

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் வகுப்பறைகளில் நடக்கும் பேச்சை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்து, நேரத்தை அளந்து பார்த்தார். ஆசிரியர் ஒரு கேள்வி கேட்ட பிறகு பதிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? பெரும்பாலும் ஒரு வினாடிதான்! அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறது. அல்லது ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுகிறார். மந்தம் என்று கருதப்பட்ட பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரம் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு என்பது வேதனை.

அதே ஆசிரியர்களைப் பழக்கி, 3 வினாடியோ அதற்கு மேலோ காத்திருக்கச் செய்தார். பதில் நீளமாக வந்தது. பதிலே சொல்லாமல் நிற்பது குறைந்தது. வாய் திறக்காத பிள்ளைகள் பேசத் தொடங்கினர். பிள்ளைகளே எழுந்து கேள்வி கேட்பதும் கூடியது. இந்த ஆராய்ச்சி 1974-ல் வெளிவந்தது. இதற்குச் செலவு ஒரு பைசாவும் இல்லை.

புதிய மொழியில் கேள்வியைக் கேட்கும் குழந்தை அதைத் தன் மொழிக்கு மாற்றி, விடை கண்டு, திரும்ப அந்த மொழிக்கு மாற்ற வேண்டும். அதற்கு 3 வினாடியும் போதாமல் போகலாம். ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மணி அடிப்பதற்குள் பாடத்தை முடிக்க வேண்டிய பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

தமிழ் தடையா?

“அப்போ வீட்டுல தமிழ் பேசுறத நிறுத்திரட்டுமா சார்?” என்று குழந்தையின் தாயார் கேட்டார். சித்தாள் வேலைக்குப் போகிறவர். பல வீடுகளில் இந்த எண்ணம் உண்டு. இது தவறு.

நைஜீரியா நாட்டில் ஈஃபே சர்வகலாசாலையார் 1970-ல் ஒரு பரிசோதனை தொடங்கினர. ஒரு பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டும் தாய்மொழியான யோருபாவில் பாடம். ஆங்கிலம் தனிப் பாடமாக மட்டும். மற்றொரு பிரிவுக்கு வழக்கம்போல் 3 ஆண்டுகளுக்குப் பின் எல்லாம் ஆங்கிலத்தில். தாய்மொழியில் படித்த பிள்ளைகள் மற்ற பாடங்களில் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை, மேலாகவே வந்தனர். ஒரு மொழியில் ஊன்றிய அறிவு மற்றொரு மொழிக்கும் உதவுகிறது. அந்தக் குழந்தை 47-ல் 19-ஐக் கழித்தது உசிலம்பட்டியில் தமிழில் கற்ற அறிவைக் கொண்டல்லவா?

நம் அரசியல் சட்டத்திலும் 1956-ல் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. ஆனால் கலூரில் செங்கல் அடுக்குகிறவர் தேவிகுளத்தில் பிள்ளையைச் சேர்க்க முடியுமா?

எர்ணாகுளத்தால் முடியும்

இந்த மாவட்டத்துக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1990 பிப்ரவரி 4-ந் தேதி, நாட்டிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது எர்ணாகுளம்தான். வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுத்த தொண்டர்களின் உழைப்பு அது.

2017-ல் மாவட்ட நிர்வாகம் ‘ரோஷ்னி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பினானிபுரம் அரசுப் பள்ளியில் முதலில் நடந்து, பிறகு பல பள்ளிகளுக்குப் பரவியது. வடமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, அவர்களுடைய மொழியையும் மலையாளத்தையும் கலந்து பேசிப் பாடம் நடத்துவது இதன் முறை. குழந்தை அறிந்த சொல்லில் தொடங்கி, அறியாத சொல்லுக்குக் கையைப் பிடித்து அழைத்துச் செல்கிறார்கள். தமிழ்க் குழந்தைக்கும் இதே வழிதான் வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

வேலை தேடி இடம் மாறும் நம்மவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பழைய பள்ளியின் டி.சி. வரத் தாமதம் என்பதற்காக அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் குழந்தை பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சி பெறும் உரிமையும் உண்டு. 2019-ல் வந்த திருத்தம் 5, 8 ஆகிய வகுப்புகளில் மட்டுமே நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுக்கிறது. மூன்றாம் வகுப்பில் யாரும் நிறுத்தி வைக்க முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. தமிழில் பேசுங்கள், அன்று நடந்த பாடத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு நோட்டில் நடுவே கோடு கிழித்து, இந்தப் பக்கம் தமிழ்ச் சொல், அந்தப் பக்கம் மலையாளச் சொல் என்று தினம் நான்கு எழுதச் செய்யுங்கள். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

மறுநாள் கொத்தனார் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, அப்படி ஒரு நோட்டுடன் பள்ளிக்குப் போனார். நானும் கூடப் போனேன். டீச்சர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது; குழந்தையை விட்டே படிக்கச் சொன்னார். ‘கழித்தல் - வியவகலனம்’ என்று மெல்லிய குரலில் வந்தது. அந்த வகுப்பில் அது பேசிய முதல் பேச்சு. “இத்ர நாள் எனிக்கு அறிஞ்ஞில்லல்லோ, மோளே” என்றார் டீச்சர். இத்தனை நாள் எனக்குத் தெரியவில்லையே, மகளே என்று பொருள்.

ஐந்தாறு ஆண்டுப் பயணம் இது. ஒரு நோட்டால் தீர்ந்துவிடாது. ஆனாலும் வெளியே வந்ததும் கேட்டேன்: “மதுரை டிக்கெட் விவரம் சொல்லட்டுமா?”

“சித்திரைத் திருவிழாவுக்குப் பாப்போம் சார்” என்றார். “போகவும் ரெண்டரை, வரவும் ரெண்டரை.”