ஷேகாவதி ஹவேலிகள்: ஒரு குளிர்காலப் படப்பயணம்

ஜனவரி மாதத்தில் ஜெய்ப்பூரிலிருந்து காலையில் காரில் புறப்பட்டால், பனிமூட்டம் விலகி வெயில் ஏறும் வேளையில் நவல்கட் நகரை அடைந்துவிடலாம். ஜுன்ஜுனு, சீகர், சூரு மாவட்டங்களில் பரந்துள்ள ஷேகாவதிப் பகுதியின் ஊர்களுள் அது ஒன்று. பிர்லா குடும்பத்தாரின் பிலானியும் இப்பகுதியிலேயே உள்ளது.

இங்குள்ள மார்வாரி வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்று, உண்டியல் எழுதியும் சரக்கு விற்றும் பொருளீட்டினர். அச்செல்வத்தில் சொந்த ஊரில் எழுந்தவையே ஹவேலிகள். வெளிமுற்றத்தை ஒட்டிக் கணக்கெழுதும் கூடம். உள்ளே பெண்டிர்க்கென மற்றொரு முற்றம். சுண்ணாம்புச் சுவரெங்கும் ஓவியங்கள். கண்ணனுக்கு அருகிலேயே ரயில் வண்டியும் மோட்டார் காரும் காணலாம். காவியும் மஞ்சளுமான மண்வண்ணங்கள் பழையவை. பளிச்சிடும் நீலம் பெரும்பாலும் பிற்காலத்து இறக்குமதிச் சாயம்.

ஓவியங்களைப் படமெடுக்கப் பனிமூட்டத்தின் நிழலற்ற ஒளியே நன்று. செதுக்குக் கதவுகளுக்கும் விரிசல் விட்ட சுவர்களுக்கும் மாலை நான்கு மணியின் சாய்வெயில் வேண்டும். முதலில் சுவரை முழுமையாக எடுத்துவிட்டுப் பின்னர் அருகே செல்க. நிறம் தெளியட்டும் என்று சுவரில் நீர் தெளிப்போரும் உளர். அது கூடவே கூடாது.

1902-இல் கட்டப்பட்ட போத்தார் ஹவேலி இன்று அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது. அடுத்த தெருவிலோ கூரை ஒழுகுகிறது. காரணம் வறுமையன்று. சொத்து பாகம் பிரிக்கப்படாமல் நான்கைந்து தலைமுறைகளைக் கடந்துள்ளது. வாரிசுகள் பல நகரங்களில் உள்ளனர். அனைவரும் ஒப்பாமல் விற்கவும் இயலாது, பழுதுபார்க்கவும் இயலாது. கடன் மனுக்களில் கூட்டுரிமையாளர் கையொப்பங்களைத் தேடிச் சலித்த நமக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. இடையில் கதவுகள் பழம்பொருள் வணிகரிடம் போய்விடுகின்றன. சுண்ணாம்பின்மேல் பூசிய சிமெண்டு ஈரத்தை உள்ளேயே தேக்கி, ஓவியத்தை உதிர்க்கிறது.

ஒரு ஹவேலியின் காவலாளியிடம் அனுமதி கேட்டோம். அவர் மறுக்கவில்லை, ஓவியங்களைக் காட்டியபின் மாடிக்கு அழைத்துச் சென்றார். உத்தரத்தருகே கூரை விரிந்து, வானம் தெரிந்தது. “இதையும் எடுங்கள் சாஹிப். ஃபோனில் நான் சொன்னால் மாலிக் நம்புவதில்லை” என்றார். எடுத்தோம். எந்த எண்ணுக்கு அனுப்புவது என்று கேட்டபோது, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் பதினொரு எண்கள் இருந்தன.