பழைய லயத்துக்கே போகும் புறாக்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. லயத்திலிருந்து அரைக் கட்டை தூரம்கூட இல்லை. சாமான் சட்டியோடு புறாப்பெட்டியையும் தூக்கிக்கொண்டுதான் போயிருந்தார்கள். காலையில் கதவைத் திறந்ததும் ஆறு புறாவும் ஒரு வட்டம் அடித்தன. நேரே போய்ப் பழைய லயத்துத் தகரத்தில் உட்கார்ந்துவிட்டன. "பயறு போட்டுக் கூப்பிட்டும் பாத்தாச்சுண்ணே, அங்கேயேதான் போவுதுக" என்று அந்த வீட்டுப் பையன் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது.

அவன் வளர்ப்பில் குறை இல்லை. குஞ்சாக இருந்தபோது முதன்முதலாகச் சிறகடித்து ஏறிய கூரை எதுவோ அதுதான் புறாவுக்கு வீடு. ஹோமர் ரகத்தை நூற்றுக்கணக்கான கட்டை தள்ளிக் கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வருகிறது. சூரியன் நிற்கும் திசை, பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் வாசனை, கண்ணுக்குப் பழகிய றோட்டும் ஆறும் என்று பலவற்றையும் சேர்த்து அது வழி பிடிக்கிறது. 1850களில் காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த வெளிநாட்டுச் செய்திகளை 'ஒப்சேவர்' பத்திரிகை புறாக்களின் மூலமாகவே கொழும்புக்கு எடுப்பித்தது. தந்திக்கம்பி வந்த பிறகுதான் அவற்றுக்கு வேலை போயிற்று. அப்படிப்பட்ட பறவைக்கு அரைக் கட்டை ஒரு தூரமா? புது வீட்டு முற்றத்தில் நின்றாலே பழைய தகரம் தெரிகிறதே.

இந்தப் பையனின் கவலை இனிப் பல வீடுகளுக்கு வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலிருந்து 7 பேர்ச் காணியில் கட்டிய தனி வீட்டுக்கு மாறும் குடும்பங்கள் கூடி வருகின்றன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். எல்லாம் நினைத்த வேகத்தில் எழும்பவில்லை. ஆனாலும் எழும்பும் ஒவ்வொரு வரிசைக்கும் கீழ்லயத்திலிருந்து சில புறாப்பெட்டிகள் மேலேறத்தான் போகின்றன.

பறந்து பழகிய பெரிய புறாக்களைப் புது இடத்தில் உடனே திறந்துவிடாதீர்கள். பெட்டிக்கு முன்னால் கம்பிவலை அடித்து, வெளியைப் பார்க்க வைத்து, வாரக்கணக்கில் அடைத்தே வையுங்கள். அப்படியும் சில ஜோடிகள் மனம் மாறாது. அவற்றை இனப்பெருக்கத்துக்கென்றே வைத்துக்கொள்வது நல்லது. புது வீட்டில் பொரிக்கும் குஞ்சுக்குப் பழைய லயம் தெரியாது. அதற்கு இதுதான் ஊர்.

அதற்குப் பொறுமை வேண்டும். புறா இரண்டு முட்டை இடும். முதல் முட்டைக்கும் இரண்டாவதுக்கும் ஏறக்குறைய இரண்டு நாள் இடைவெளி. பதினெட்டு நாள் அளவில் பொரிக்கும். பகலில் பெரும்பாகம் சேவல் அடைகாக்கும், இரவெல்லாம் பெட்டை. தாயும் தகப்பனும் தீனிப்பையில் ஊறும் பாலைக் கக்கிக் குஞ்சுக்கு ஊட்டும். பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்துக்கு ஓடும் தாய்மார் அதைச் சற்று நின்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். சிறகு முளைத்துக் குஞ்சு வெளியே வர இன்னும் ஒரு மாதம். முட்டையிலிருந்து முதல் பறப்புவரை, கூட்டிப் பார்த்தால், ஐம்பது நாள் ஆகிவிடும்.

2015இல் வந்த 'மாரி' படத்தைப் பார்த்தவர்களுக்குச் சென்னைப் புறாப் பந்தயம் தெரிந்திருக்கும். அங்கே வெயிலும் சமதரையும். அந்த வளர்ப்பை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. இங்கே முதல் எதிரி ஈரம். மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் ஹட்டன் பக்கம் துணியே காயாது. புறாத் தீனி எப்படிக் காயும்? பூஞ்சணம் பிடித்த சோளம் புறாவைக் கொன்றுவிடும். சோளம், பயறு, குரக்கன் எதுவானாலும் மூடி போட்ட டின்னில் வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். பெட்டியின் அடித்தளம் இடைவெளி விட்ட சட்டமாக இருந்தால் எச்சம் கீழே விழும், தரை நனையாது. முட்டைக்கோது பலமாக இருக்கக் காய்ந்த முட்டை ஓட்டை நொறுக்கி வைக்கலாம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், தொண்டைப்புண் அதன் வழியாகவும் பரவுகிறது. கழுத்து முறுக்கிச் சுற்றும் புறாவைக் கண்டால் மற்றவற்றிலிருந்து பிரித்துவிட்டு மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

ஒன்றை அழுத்தியே சொல்கிறேன். இஸ்தோப்பில், அடுப்புக்குப் பக்கத்தில், பிள்ளைகள் படுக்கும் சுவருக்கு மேலே பெட்டியை அடிக்காதீர்கள். காய்ந்த எச்சத்தின் தூளும் சிறகுத்தூளும் நாட்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரல் கெடும். காம்பராவில் புகையே போதுமான கேடு. கூண்டை வெளியே வையுங்கள், கூட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள்.

பறக்கவிடுவதற்கு இந்த மலையில் ஒரு காலம் இருக்கிறது. டிம்புள்ள பக்கத்தில் ஜனவரியிலிருந்து மார்ச்வரை வானம் தெளிந்து, காற்று உலர்ந்து, இரவு குளிரும். தேயிலைக்கு நல்ல வாசம் ஏறுவது அந்த மாதங்களில்தான். புறாவுக்கும் அதுவே பருவம் என்பது என் எண்ணம். மற்றக் காலத்தில் மூடுபனி இறங்கினால் சூரியனும் தெரியாது, கூரையும் தெரியாது. இளம்புறா பனிக்குள் போனால் வராமலே போகலாம். ஆகவே காலையில் பனி விலகிய பிறகு திறந்து, மத்தியானத்துக்கு முன் கூட்டில் அடையுங்கள். தீனியைப் பறப்புக்குப் பின்னால் கொடுத்தால் தாமாகவே இறங்கும். வைரி சுற்றுகிற நாளில் திறக்கவே வேண்டாம்.

மலையில் இன்னொரு புறாவும் உண்டு. இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத காட்டுப்புறா அது. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துச் சோலைகளில் காட்டுப்பழம் தின்று வாழ்கிறது. கழுத்தின் பின்புறம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டதுபோல் இருக்கும். பெரும்பாலும் ஒரே முட்டைதான் இடும். காடு குறையக் குறைய அதுவும் குறைகிறது. கொழுந்து மலையின் ஓரக்காட்டில் அதன் கூட்டைக் கண்டால் ஏறிப் பிடிக்க வேண்டாம். அது வளர்ப்புப் பறவை அல்ல, சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது.

லயத்திலேயே இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். குடிபோனவர்களின் புறா உங்கள் தகரத்தில் வந்து உட்கார்ந்தால் கல் எறியாதீர்கள், பிடித்து விற்றுவிடவும் வேண்டாம். ஒரு பிடி நெல் போட்டு, சாயங்காலம் மேல்வரிசைக்கு ஆள் அனுப்புங்கள். இருட்டியதும் அது கையில் பிடிபடும். அந்தப் பையன் டோர்ச்சோடு வந்து தூக்கிக்கொண்டு போவான்.