முல்லைப் பந்தரும் மாதுளஞ் செடியும்

புதுமனை புகுவோர் பலர் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு. முற்றத்தில் எஞ்சிய சிறு நிலத்திற் பழந்தரும் செடியை நடுவதா, பூத்தரும் கொடியைப் படரவிடுவதா என்பதே அது. தமிழாசிரியனிடம் இதனைக் கேட்பானேன் என்று நகைப்போரும் உளர். நிலத்துக்கும் அந்நிலத்து மாந்தர்தம் ஒழுக்கத்துக்கும் பூவின் பெயரையும் மரத்தின் பெயரையும் இட்டு வழங்கிய மொழியைக் கற்பிப்பவன், இவ்வினாவுக்கு விடையிறுத்தல் முறையேயாகும்.

நம் பாட்டன்மார்க்கு இவ்வினா எழவேயில்லை. வளவு பெரிது, மாவும் பலாவும் ஒருபுறம் நிற்க, கிணற்றடியில் வாழையும் கமுகும் செழிக்க, தலைவாயிலிற் பந்தர் படர்ந்திருக்கும். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். அவ்வாறு கிடந்த காணிகள் முதுசம் என்றும் சீதனம் என்றும் தலைமுறைதோறும் பங்கிடப்பட்டு, இன்று இரண்டு பரப்பிலே வீடும் கிணறும் மதிலும் அமைத்துக்கொள்வோர் பலர். அவர்க்கு எஞ்சுவது ஒரு செடிக்குரிய இடமே. ஆதலால் இரண்டினுள் ஒன்றைத் தெரிதல் இன்றியமையாததாகிறது. யான் ஈண்டு எடுத்துக்கொள்வன மாதுளையும் முல்லையும்.

மாதுளை வறட்சிக்கு அஞ்சாதது. ஈரான் முதல் இந்தியாவின் வடமேற்குப் புறம் வரையுள்ள வறள் நிலங்களை அதன் தாயகம் என்பர். சுண்ணாம்புக்கல்லின் மேற் கிடக்கும் நம் செம்பாட்டு மண்ணும், சற்றே உவர்த்த கிணற்று நீரும் அதற்குப் பகையல்ல. விதையால் முளைக்கும் கன்று தாயின் குணத்தை அப்படியே பெறுவதில்லை. ஆகவே நல்ல கனி தரும் செடியிலிருந்து, பென்சிற் பருமனான முற்றிய தடியை முக்கால் அடி நீளத்துக்கு வெட்டி ஊன்றுதல் நன்று. இரண்டு மூன்று ஆண்டுகளிற் காய்க்கத் தொடங்கும். பூ மலர்ந்து கனி முற்ற ஐந்து முதல் ஏழு திங்கள் செல்லும். முதிராத காயைப் பறித்து வைத்தால் அது பின்னர் இனிக்காது. பொறுத்திருந்தே கொய்தல் வேண்டும்.

அதற்குக் குறைகளும் உள. கிளைகளில் முள் உண்டு. சிறார் ஓடி விளையாடும் வழியோரம் அதற்கு ஏற்ற இடமன்று. அடியிலிருந்து ஓயாது கன்றுகள் கிளம்பும். மூன்று நான்கு தண்டுகளை மட்டும் விட்டு ஏனையவற்றைக் களையாவிடின், செடி புதராகிக் காய் சிறுக்கும். நெடுநாள் வாடவிட்டுப் பின்னர் ஒருங்கே நீரைப் பெருக்கினாற் காய் வெடிக்கும். வண்ணத்துப் பூச்சி ஒன்று காயின் மேல் முட்டையிட, அதிற் பிறக்கும் புழு உள்ளே துளைத்துச் சென்று முத்துகளை அழிக்கும். பிஞ்சிலேயே துணிப்பை கட்டி வைப்பதே வீட்டுத் தோட்டத்துக்கு எளிய காப்பு.

இனி முல்லையை நோக்குவோம். பறம்பின் கோமானாகிய பாரி முல்லைக்குத் தேர் ஈந்த செய்தியைச் சிறுபாணாற்றுப்படை கூறும். அதனைக் கொடையின் சிறப்பாகவே மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அதனுள்ளே தோட்டக்காரன் அறியவேண்டிய உண்மையும் அடங்கியுள்ளது. முல்லை தானே நில்லாது. கொழுகொம்பு கொடுப்பார் ஒருவர் வேண்டும். நமக்குத் தேர் வேண்டியதில்லை. பனஞ்சலாகையாலோ இரும்புக் குழாயாலோ ஏழடி உயரத்தில் அமைத்த பந்தர் போதும். நிலத்தில் அது கேட்கும் இடம் மிகச் சிறிது. வானத்தில் அது விரிக்கும் நிழலோ பெரிது. இரண்டு பரப்பு வீட்டுக்கு இது பெரும்பேறு. அருகில் மாதுளை நின்றால் அதனையே கொழுகொம்பாக்கிக் கொடியை ஏற்றிவிட எண்ணுவர் சிலர். அது தகாது. கொடி செடியை மூடி வெயிலை மறைக்கும்; செடியின் காயும் குறையும், கொடியைக் கத்தரித்தலும் அரிதாகும்.

முல்லைக்கு மாரி ஓய்ந்தபின், தைத் திங்களளவில், கொடியைக் கத்தரித்து எருவிட வேண்டும்; புதுத் தளிரிலேதான் பூ மிகும். வேரடியில் நீர் தேங்கலாகாது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இலையின் நரம்பு பச்சையாக நிற்க, நடுவிடம் மஞ்சளாதலைப் பலர் கண்டிருப்பர். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர் அதனைக் கொள்ளமாட்டாத நிலையே அது. இலைகுழையும் மக்கிய எருவும் இடுவது இதற்கு உதவும். இவை எல்லாம் செய்தபின்னரும் நாள்தோறும் ஒரு வேலை உண்டு: மாலையில் அரும்பைப் பறித்தல். பறிப்பாரின்றேல் அன்றைய பூ அன்றே வீணாம்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழை நிலத்துள் இறங்கிச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலே தங்குவதுதான் நம் கிணற்று நீர். அந்நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். துலாவில் நீர் இறைத்த காலத்திற் கையும் காலும் அளவை உணர்த்தின, மின்பொறி அளவறியாது. வளர்ந்த மாதுளைக்கு வாரம் ஒருமுறை ஆழ நனைத்தல் பெரும்பாலும் போதும். முல்லை கோடையில் அதனினும் அடிக்கடி நீர் வேண்டும். இவ்வகையில் மாதுளையே சிக்கனமானது.

பயன் நோக்கினால் மாதுளை வெல்லும். நிழலும் மணமும் நோக்கினால் முல்லை வெல்லும். ஆயின் இத்துணையோடு வழக்கு முடிந்ததாக யான் கொள்ளவில்லை. பழந்தமிழர் இவ்விரண்டையும் வீட்டோடு எவ்வாறு பொருத்தினர் என்பதையும் காண்போம். பெரும்பாணாற்றுப்படையிலே, பசிய மாதுளங்காயைப் பிளந்து, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் சேர்த்து, வெண்ணெயில் வெம்மைபெறச் சமைத்த கறி, அந்தணர் மனையில் வழிவந்த பாணர்க்குப் படைக்கப்படுகிறது. எனவே மாதுளை, வருவார்க்கு உரியது, விருந்தின் செடி. முல்லைக்கோ இலக்கணம் வகுத்த உரிப்பொருள் இருத்தல். பிரிந்து சென்றான் மீள்வான் என்று மனையிலே ஆற்றி இருப்பவளின் ஒழுக்கம் அது. அத்திணைக்குரிய பொழுது, அப்பூ மலரும் மாலைப்பொழுதே.

இருத்தல் என்ற இச்சொல் இன்று நம் ஊர்களில் வேறொரு பொருளோடு என் செவியில் விழுகிறது. எத்தனை வீடுகளில் இருப்பார் இல்லை! மக்கள் கடல் கடந்தனர்; முதியோரும் பின்சென்றனர், அன்றி மறைந்தனர். திறப்பை அயலார் வைத்திருக்க, மதிலும் வாயிலும் மட்டும் புதுமையாய் நிற்கும் வீடுகளை ஒழுங்கைதோறும் காண்கிறோம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று, இருபது ஆண்டுகளுக்கு மேற் கழிந்தபின் தன் வளவுக்கு மீண்டபோது யானும் உடன் சென்றிருந்தேன். பற்றைக் காட்டின் நடுவே, அடிக்கன்றுகள் சூழ, மாதுளை நின்றது. காயும் இரண்டு இருந்தன. பந்தர் நின்ற இடத்திலே உக்கிய சலாகைத் துண்டுகளே கிடந்தன. முல்லையின் சுவடு இல்லை. வீட்டுக்குரிய மூதாட்டி மாதுளையைத் தடவிப் பார்த்தார். பின்னர் முல்லை நின்ற இடத்திலேயே நெடுநேரம் நின்றார். அவர் ஒன்றும் கூறவில்லை.

ஆகவே என்னிடம் கேட்போரை யான் முதலிற் கேட்பது மண்ணைப் பற்றியன்று. "வீட்டில் இருக்கப் போகிறவர் யார்?" என்றே வினவுகிறேன். ஆண்டுக்கொருமுறை விடுமுறைக்கு வந்து செல்வோர்க்கு மாதுளையே தக்கது. அது மாதங்கள் பலவற்றைத் தனித்தே கழிக்கும். வந்தவர்க்குக் கனியும் வைத்திருக்கும். அந்நன்றியை யான் குறைத்து மதிப்பவனல்லன். ஆனால் மாலைதோறும் வாயிலைத் திறந்து விளக்கேற்ற ஒருவரேனும் இருக்கும் வீடாயின், கனி சிறிது தாழ்ந்தாலும் தாழ்க. முல்லையை நடுக என்பேன். பந்தர் கட்டுவாரும், தையிற் கொடி திருத்துவாரும், அரும்பு பறிப்பாரும் இருந்தாலன்றி அது பூவாது. ஒழுங்கையிற் செல்வோன் மாலையில் முல்லை மணத்தை நுகர்ந்தானாயின், அவ்வீட்டில் ஆள் இருக்கிறது என்று ஐயமின்றி அறிவான். இன்றைய நம் ஊருக்கு அவ்வறிவிப்பு, பழத்தினும் அரியதொன்றாக எனக்குத் தோன்றுகிறது.

மாரி தொடங்கும் ஐப்பசியில் இவ்விரண்டில் எதனையும் நடலாம்.