மூளைக் கட்டி நோயாளிகளுக்கான மருந்து சாராத ஆதரவுப் பராமரிப்பு

மூளைக் கட்டியுடன் வாழ்வோரின் அன்றாடச் சிரமங்களைக் குறைப்பதற்காக, சிகிச்சைக்குத் துணையாக அளிக்கப்படும் உடற்பயிற்சி, உணவு முறை, வீட்டு மாற்றங்கள், மனநல உதவி முதலியவை மருந்து சாராத ஆதரவுப் பராமரிப்பு எனப்படும். இது கட்டியைக் கரைக்காது; அறுவை சிகிச்சைக்கோ கதிர்வீச்சுக்கோ மாற்றும் அல்ல. சிகிச்சை பலனளிக்காத கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரியது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே இது தொடங்கப்பட வேண்டும்.

மதுரைச் சூழல்

மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கும் நகரின் பெரிய தனியார் மருத்துவமனைகளுக்கும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி போன்ற ஊர்களிலிருந்து நோயாளிகள் வருகின்றனர். கிளையோபிளாஸ்டோமா என்னும் தீவிர வகைக் கட்டிக்குக் கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாட்கள் வீதம் 6 வாரங்கள் அளிக்கப்படுகிறது. ஒருமுறை சிகிச்சை பெறச் சில நிமிடங்களே ஆகும். பேருந்துப் பயணத்துடன் சேர்த்தால் ஒரு நாளே கழிந்துவிடும். இதனால் கூடும் களைப்பைக் குறைக்க, வெயில் ஏறுமுன் சிறு நடை, பகலில் அரை மணி நேர ஓய்வு, முக்கிய வேலைகளைக் காலையிலேயே முடித்தல் ஆகியவை உதவும்.

வலிப்பு

மூளைக் கட்டி உள்ளவர்களில் பலருக்கு வலிப்பு வரக்கூடும். தூக்கமின்மையும் மாத்திரையைத் தவறவிடுவதும் அதைத் தூண்டும். விரத நாளிலும் வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தால் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. அருகிலுள்ள கூர்மையான பொருட்களை அகற்றி, தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். 5 நிமிடங்களைத் தாண்டினால் 108 எண்ணை அழைக்க வேண்டும். கிணறு, கண்மாய் ஆகியவற்றில் தனியாகக் குளிப்பதையும், மருத்துவர் அனுமதிக்கும்வரை இருசக்கர வாகனம் ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும்.

நடை, பார்வை, உணவு

ஒரு பக்கம் பலமிழந்தவருக்கு இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சியை வீட்டினர் தினமும் தொடரலாம். கழிவறையில் பிடிகம்பி, உயரமான இருக்கை, வழுக்காத தரை ஆகியவை விழுவதைத் தடுக்கும். பார்வையின் ஒரு பாதி மறைந்தவர் தட்டில் பாதிச் சோற்றை அப்படியே விட்டுவிடலாம். அது பசியின்மை என்று கருதப்படுவதுண்டு. தட்டைத் திருப்பி வைத்தாலே சிக்கல் தீரும்.

விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தண்ணீரே அதிகம் புரையேறலாம். அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, கெட்டியான கஞ்சி, குழைந்த சோறு போன்றவற்றைச் சிறு கரண்டியில் மெதுவாகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதைப் பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் சொல்வார். சாப்பிட்டதும் படுக்க வைக்கக் கூடாது.

பேச்சும் குணமாற்றமும்

சொல் வராமல் தவிப்பவரிடம் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். தினசரி நாள்காட்டி, படங்கள், எழுதி ஒட்டிய குறிப்புகள் ஆகியவை நினைவுக்குத் துணையாகும். மூளையின் முன்பகுதியில் கட்டி இருந்தால் எரிச்சல், கூச்சமின்மை, எதிலும் ஆர்வமின்மை ஆகியவை தோன்றலாம். குடும்பத்தார் இதைத் திமிர் என்றும் சோம்பல் என்றும் எண்ணிச் சண்டையிடுவதுண்டு. இது நோயின் விளைவு என்று தெரிந்தால் வீட்டில் பாதி மனவருத்தம் குறையும்.

பராமரிப்பவருக்கான உதவி

பெரும்பாலும் மனைவியோ தாயோ மகளோ இரவு பகலாகக் கவனித்துக்கொள்கின்றனர். அவருக்கு வாரத்தில் சில மணி நேரமாவது மாற்றாள் தேவை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சையும் ஆதரவு சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. இதற்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். மன உளைச்சலுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச ஆலோசனை கிடைக்கும். செயலிழப்பு நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

கடும் தலைவலியுடன் தொடர் வாந்தி, திடீர் மயக்கம், புதிய பலவீனம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் வீட்டுப் பராமரிப்பு போதாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.