மோட்டார் சைக்கிளில் போர்க்களம் பார்க்கலாம்!
ரெட்டிபாளையத்திலிருந்து ஒரு நாள் பயணம்

விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போகலாம்? கோயிலுக்குப் போகலாம். அணைக்கட்டுக்குப் போகலாம். போர் நடந்த இடத்துக்குப் போனால் என்ன?

மேலை நாடுகளில் இது ஒரு பழக்கம். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் உலகப்போர் நடந்த வயல்களையும், வீரர்களின் கல்லறைகளையும் மோட்டார் சைக்கிளில் சுற்றிப் பார்க்கிறார்கள்.

"அதற்கெல்லாம் நாம் எங்கே போவது?" என்று கேட்பீர்கள். தூரம் போகவேண்டாம். அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையத்திலிருந்து புறப்படலாம். சுண்ணாம்புக் கல்லுக்கும் சிமெண்ட் ஆலைக்கும் பெயர்பெற்ற ஊர் இது. இந்தியாவின் தலையெழுத்தை மாற்றிய ஒரு போரின் தடங்கள் இந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் கிடக்கின்றன.

இரண்டு நவாபுகள்

அந்தக் கதையை முதலில் தெரிந்துகொள்வோம்.

ஆர்க்காட்டு நவாப் பட்டத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் சந்தா சாகிப். அவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை. மற்றவர் முகமது அலி. அவருக்கு ஆங்கிலேயக் கும்பினி துணை. முகமது அலி திருச்சிக் கோட்டையில் இருந்தார். அவரைப் பிடிக்க சந்தா சாகிப் 1751-ல் பெரும்படையுடன் தெற்கே வந்தார்.

வழியில் நின்றது ரஞ்சன்குடிக் கோட்டை. ரெட்டிபாளையத்திலிருந்து அரியலூர், பெரம்பலூர் வழியாகப் போய், சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால், வாலிகண்டபுரத்தைத் தாண்டி இந்தக் கோட்டை வரும். பாறைமேல் எழும்பி நிற்கும் மதில். சுற்றிலும் அகழி. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

கதவைத் திறக்காத தலைவர்

கோட்டைத் தலைவர் கெட்டிக்காரர். ஆங்கிலேயப் படை, "எங்கள் பக்கம் சேருங்கள்" என்றது. அவர் பிடிகொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் பேசிக்கொண்டு நாளைக் கடத்தினார். எந்தப் பக்கம் கை ஓங்குகிறதோ, அந்தப் பக்கம் சாயலாம் என்பது அவர் கணக்கு.

பொறுமை இழந்த ஆங்கிலேயர்கள் கோட்டையை ஒட்டிய பேட்டையைத் தாக்கித் தீ வைத்தார்கள். ஆனால் கற்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. அதற்குள் சந்தா சாகிப்பின் படை வந்துவிட்டது. பீரங்கிகள் முழங்கின. வெள்ளைச் சிப்பாய்கள் பயந்து ஓட்டம் பிடித்தார்கள்! அதிகாரிகள் தடுத்தும் நிற்கவில்லை.

நின்றவர்கள் யார் தெரியுமா? கும்பினிப் படையில் இருந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள். கடைசிவரை தங்கள் இடத்தைவிட்டு நகராமல் நின்றார்கள். தோல்வி என்று தெரிந்த பிறகு, செத்தவர்களையும் காயம் பட்டவர்களையும் எடுத்துக்கொண்டே திரும்பினார்கள். முகமது அலியின் தம்பியே குதிரையில் வந்து, அவர்களைச் சுட்டிக்காட்டி, ஓடிய வெள்ளையர்களைத் திட்டினாராம்.

அந்தத் தோல்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார் 25 வயது இளைஞர் ஒருவர். படைக்கு உணவுப்பொருள் சேகரித்துக் கொடுப்பது அவர் வேலை. அவர் பெயர் ராபர்ட் கிளைவ்!

திருச்சி வரை

இப்போது வண்டியைத் தெற்கே திருப்புங்கள். ஓடிய படையும் இந்த வழியில்தான் போனது. பாடாலூருக்குப் பக்கத்தில் ஊட்டத்தூர். அங்கே கொஞ்சம் தாக்குப்பிடித்துவிட்டு, கும்பினிப் படை திருச்சிக்குள் புகுந்தது. சந்தா சாகிப் கோட்டையை முற்றுகையிட்டார்.

அப்போதுதான் கிளைவுக்கு ஒரு யோசனை தோன்றியது. "எதிரி திருச்சியில் இருக்கிறான். அவன் தலைநகரைத் தாக்கினால்?" சுமார் 500 பேருடன் போய் ஆர்க்காட்டைப் பிடித்தார். 50 நாள் முற்றுகையைத் தாங்கினார். அதிலிருந்து கும்பினியின் கை ஓங்கியது.

அடுத்தது சமயபுரம். மாரியம்மனைக் கும்பிட நாம் போகும் அதே ஊர்தான். 1752-ல் கிளைவின் படை அங்கே இரண்டு கோயில்களில் தங்கியிருந்தது. ஓர் இரவு பிரெஞ்சுப் படை உள்ளே புகுந்துவிட்டது. கிளைவ் மயிரிழையில் தப்பினார்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் எல்லாம் முடிந்தது. ஒரு பிரெஞ்சுப் படை ரஞ்சன்குடிப் பக்கத்திலேயே சரண் அடைந்தது. இன்னொன்று ஸ்ரீரங்கத்தில் சரண் அடைந்தது. தஞ்சைத் தளபதியை நம்பிப்போன சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது.

காலையில் சீக்கிரம் புறப்பட்டால், இவ்வளவையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

பெயர் உள்ள கல், பெயர் இல்லாத மண்

ஆனால் ஒன்று கவனியுங்கள். கிளைவின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ரஞ்சன்குடியில் நின்று போரிட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்களின் பெயர் என்ன? பேட்டை எரிந்தபோது வீடு இழந்த குடும்பங்கள் எத்தனை? அதைச் சொல்ல அங்கே ஒரு கல்கூட இல்லை.

சென்னைக்குப் போகிறவர்கள் நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள். இரண்டாவது உலகப்போரில் உயிர்விட்ட 856 பேர் அங்கே உறங்குகிறார்கள். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்களில் சிதறிக்கிடந்த கல்லறைகளை ஒன்றுசேர்த்து அமைத்த இடம் அது. பெரிய அதிகாரிக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல். முதல் உலகப்போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன.

தாய்லாந்தில் காஞ்சனபுரி என்ற ஊர் இருக்கிறது. 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர்கள் அந்த ஊர் வழியாகப் பர்மாவுக்கு ரெயில் பாதை போட்டார்கள். அந்த வேலையில் செத்த போர்க் கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்கு அங்கே வரிசை வரிசையாகக் கல்லறைகள். மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் அந்தப் பாதையில் மடிந்தார்கள். அவர்களுக்குத் தனிக் கல்லறை இல்லை. பெயர் இல்லை. காட்டு மண்தான் மிச்சம்.

ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்கும் நடுகல் நட்டு, பெயர் எழுதி, பூப்போட்டுக் கும்பிட்டவர்கள் நம் முன்னோர்கள். அந்த வழக்கம் எவ்வளவு உயர்ந்தது என்பது இப்போது புரிகிறது அல்லவா?

புறப்படும் முன்

நம் நாட்டில் ஓடும் புல்லட் மோட்டார் சைக்கிளுக்கும் போருக்கும் சம்பந்தம் உண்டு. ராணுவத்தின் எல்லைக் காவலுக்காகத்தான் அது முதலில் பெருமளவில் வாங்கப்பட்டது. 1955-ல் சென்னையில் அதற்கென்று கம்பெனி தொடங்கினார்கள். ஆனால் புல்லட் இருந்தால்தான் போகலாம் என்பதில்லை. எந்த வண்டியும் போதும்.

ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் தலைக்கவசம் போடுங்கள். பிரேக்கையும் டயரையும் சரிபாருங்கள். வெயில் ஏறும் முன்பே கோட்டையைப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள். நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி வேண்டாம். பிள்ளைகளை மதில் விளிம்பில் ஏறவிடாதீர்கள்.

இன்னொன்று. பழைய கோட்டைச் சுவர்களில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறி வைக்கிறவர்கள் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். அங்கே உயிரைக் கொடுத்தவர்களின் பெயரே அந்தச் சுவரில் இல்லை. அகழிக் கரையில் ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பிறகு பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். கல் இல்லாதவர்களுக்கு அதுதான் நடுகல்.